முகம் மாறாமல் சொல்லும் அறிவியல் புளுகு

சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில், ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பையனிடம் பல வருஷமாக இங்கிருக்கும் அண்ணன் ஒருவர், தே தாரிக் என்னும் பால்தேநீரை ஆற்றிக்கொண்டே சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “தம்பி, இங்க பூமத்திய ரேகை பக்கம். ஈர்ப்பு கம்மி. அதான் வர்றவனுக்கெல்லாம் எடை குறையுது.” முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. “அப்படியாண்ணே!” என்கிறான் பையன். பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

முழுப் பொய்யாக இருந்தால் இது எடுபடாது. அண்ணன் சொன்னதில் பாதி நிஜம். சுழற்சியால் பூமி நடுவில் புடைத்திருக்கிறது. பூமத்திய ரேகையில் நிற்பவர், துருவத்தில் நிற்பவரைவிட மையத்திலிருந்து 21 கி.மீ. தள்ளி நிற்கிறார். அந்தச் சுழற்சியே அவர் எடையை இன்னும் கொஞ்சம் குறைக்கிறது. வட துருவத்தில் 70 கிலோ காட்டும் வில் தராசு, இங்கே ஏறக்குறைய 370 கிராம் குறைத்தே காட்டும். ஆனால் பையன் வந்தது புதுக்கோட்டையிலிருந்து. அவனுக்குக் குறைவது சுமார் 10 கிராம்தான். கையிலிருக்கும் தேநீரில் ஒரு மடக்கு அதைவிடக் கனம்.

காரணம் சரி, திசை சரி, அளவு மட்டும் தப்பு. தேர்ந்த அறிவியல் புளுகு பெரும்பாலும் ஒளிந்துகொள்வது அளவில்தான் என்பேன். காரணத்தைப் பள்ளியில் படித்திருக்கிறோம், அதனால் கேட்டதும் தலையாட்டுகிறோம். எண்ணை யாரும் மனசில் வைத்திருப்பதில்லை. சொல்பவர் சிரித்துவிட்டால் நமக்குச் சந்தேகம் தட்டும். அவர் முகம் மாறாததால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது.

இதில் கைதேர்ந்தவர் பிரிட்டிஷ் வானியலாளர் பாட்ரிக் மூர். 1976 ஏப்ரல் 1 அன்று பிபிசி வானொலியில், காலை 9.47க்கு வியாழனுக்குப் பின்னால் புளூட்டோ கடக்கும், அப்போது பூமியின் ஈர்ப்பு சற்றே குறையும், அந்த நொடியில் குதித்தால் மிதப்பதுபோல் இருக்கும் என்றார். மிதந்தோம் என்று நேயர்கள் தொலைபேசியில் அழைத்தே சொன்னார்கள். கோள்கள் நம்மை இழுப்பது உண்மை. ஆனால் நிலவு கடலில் எழுப்பும் ஓதத்தோடு ஒப்பிட்டால், வியாழனின் பங்கு லட்சத்தில் ஒன்றுகூட இல்லை. நிமிஷ சுத்தமாகச் சொன்ன அந்த 9.47தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அளவு கேட்கத் தோன்றாதபடி, கையில் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டார்.

சிங்கப்பூருக்கென்றே ஒரு புளுகு பொருந்தும்: பூமத்திய ரேகைக்கு வடக்கே தொட்டித் தண்ணீர் இடஞ்சுழியாகவும் தெற்கே வலஞ்சுழியாகவும் இறங்கும், இங்கே நேராக இறங்கும். இதற்குப் பின்னால் இருக்கும் கொரியோலிஸ் விளைவு, அதாவது பூமியின் சுழற்சியால் நகரும் நீரும் காற்றும் பக்கவாட்டில் விலகுவது, நிஜமானது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஆஷர் ஷாப்பிரோ, சுமார் 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் நீரை ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்து, பிறகு மெல்லத் திறந்து, இடஞ்சுழியைக் காட்டினார். நம் வீட்டுத் தொட்டியில் அவ்வளவு அமைதி ஏது? குழாயிலிருந்து விழுந்த வேகமும் தொட்டியின் வடிவமுமே சுழியைத் தீர்மானிக்கின்றன. சிங்கப்பூர் இருப்பது 1.3 பாகை வடக்கில். லண்டனில் உள்ள கொரியோலிஸ் விளைவில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவுதான் இங்கே.

அவ்வளவு குறைவு என்பதால், பூமத்திய ரேகையிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாகாது என்று பாடப்புத்தகங்களும் உறுதியாகச் சொல்லிவந்தன. ஆனால் 2001 டிசம்பர் 26 அன்று வாமே புயல் 1.4 பாகையில், சிங்கப்பூருக்கு அருகே தென்சீனக் கடலில் உருவாகி, மறுநாள் மலேசியாவின் ஜொகூரில் கரையேறியது. வடகிழக்குப் பருவக்காற்று பல நாள் பலமாக வீசியதும், போர்னியோ தீவின் ஓரத்துக் காற்றுச் சுழல் ஒன்று அங்கே நகர்ந்து வந்ததும் சேர்ந்து, கொரியோலிஸ் கொடுக்க முடியாத சுழற்சியை அதற்குக் கொடுத்தன.