விபத்தில் ஒரு கண் பார்வை போனால், முகம் கோணினால் என்ன கிடைக்கும்?

வண்டி மோதிப் புருவத்தில் பலமாக அடிபட்டால் பார்வை நரம்பு கெடலாம். காதையொட்டிய எலும்பு விரிசல் கண்டால் முக நரம்பு செயலிழக்கலாம். வெளியே பெரிய காயமே தெரியாது. ஆனால் ஒரு கண் இருண்டுவிடும், அல்லது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும்.

குடும்பத்தார் பலரும் முதலில் மாற்றுத்திறனாளி அட்டையைத்தான் நினைக்கிறார்கள். ஒரு கண் நன்றாக இருந்து மறு கண் முழுதாகப் போனாலும், அரசின் ஊன மதிப்பீட்டு விதிகளின்படி ஊனம் 30 சதவீதம்தான். இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் முகவாதம் (முக நரம்பு செயலிழப்பு) தனியாக இல்லவே இல்லை. ஒற்றைக் கண்ணோடு வேலை தேடுபவருக்கு இது நியாயமாகப் படாது, எனக்கும் படவில்லை.

ஆனால் விபத்துச் சட்டத்தின் கணக்கு வேறு. ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவதும், முகம் நிரந்தரமாக உருக்குலைவதும் அங்கே கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலே இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கலாம். 166-ஆம் பிரிவில் எதிர் வாகன ஓட்டியின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஆனால் வருமான இழப்பு, வருங்கால மருத்துவச் செலவு எல்லாம் சேர்த்துக் கேட்கலாம், உச்சவரம்பு இல்லை. 164-இன் தொகையை வாங்கிக்கொண்டால் 166 மனு காலாவதியாகிவிடும். இன்சூரன்ஸ்காரர் நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, தானாகவே சறுக்கி விழுந்தவர்? வண்டி உரிமையாளரே ஓட்டியிருந்து, லைசென்ஸும் தனிநபர் விபத்துக் காப்பீடும் இருந்தால், அந்தக் காப்பீட்டுத் தொகையான 15 லட்சத்தில் ஒரு கண் பார்வைக்குப் பாதி கிடைக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

சிகிச்சைச் செலவுக்கு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது: விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள், ஒன்றரை லட்சம் வரை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல். அந்த நாட்களிலேயே கண் மருத்துவரிடமும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள். முகவாதம் அடிபட்டவுடனே வந்ததா, சில நாள் கழித்து வந்ததா என்பதைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். தாமதமாக வந்தது பெரும்பாலும் தானே சரியாகும், உடனே முழுதாக வந்ததற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். இமை மூடாத கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு டேப் ஒட்டுவது அவசியம். இல்லாவிட்டால் கருவிழி புண்ணாகும். தலையில் அடிபட்டவருக்கு அதிக அளவு ஸ்டீராய்டு ஆபத்து, மருத்துவரைக் கேட்காமல் கூடவே கூடாது.

அப்புறம், ஏ.ஆர். காப்பி (மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல்), எஃப்.ஐ.ஆர்., முதல் நாள் பார்வைப் பரிசோதனைத் தாள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முக நரம்பு தேற ஒரு வருடம்கூட ஆகலாம், ஆனால் 166 மனுவுக்குச் சட்டம் சொல்லும் கெடு விபத்திலிருந்து ஆறு மாதம். மனுவை முதலில் போட்டுவிட்டு, ஊன அளவுக்கான மருத்துவச் சான்றை விசாரணையின்போது தாக்கல் செய்யலாம்.