தாய்மொழிக் கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

"சர்வேதான் வருசம் பூரா நடக்குதே, பத்து வருசத்துக்கு ஒருமுறை வீடு வீடா எண்ணுறது எதுக்கு?" என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிப் படித்தவர்களே கேட்கிறார்கள். கேரளத்தில் மூணாறு, வண்டிப்பெரியார், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தமிழர்கள் இதற்குத் தலையாட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

அமெரிக்காவில் அப்படி மாற்றினார்கள். கணக்கெடுப்பில் ஆறில் ஒரு வீடு நிரப்பிய நீண்ட படிவம் 2000-த்தோடு நின்றது; 2005 முதல் வருடம் முழுக்க சர்வே. அங்கேயே 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு வழக்கமான ஓராண்டுக் கணக்கு கிடையாது, ஐந்தாண்டைச் சேர்த்துத்தான் தருகிறார்கள். தலை எண்ணுவதையும் விடவில்லை. நம் தேயிலை எஸ்டேட்டின் ஒரு டிவிஷனில் மிஞ்சிப்போனால் சில நூறு பேர். சில வீடுகளை மட்டும் கேட்கிற மாதிரி சர்வேயின் கண்ணில் அது படவே படாது.

ஏன் படவேண்டும்? 1969-ம் வருடத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி நாம் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தரவேண்டும். தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எந்த ஊர்த் தமிழரும் எழுதலாம். உள்ளூர் ஆபீஸ் என்றால் அது மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடத்தில் இருக்கவேண்டும். அறிவித்த இடத்திலேயே "மலையாளத்தில் எழுதிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. சண்டை வேண்டாம், நகலில் சீலும் தேதியும் கேளுங்கள், தராவிட்டால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போடுங்கள். ஓர் இடத்தில் தமிழர் எத்தனை பேர் என்று வாதாட நம் கையில் இருப்பது கணக்கெடுப்பின் தாய்மொழி எண் ஒன்றுதான். அதுவும் 2011-ல் எடுத்தது. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாக வைத்து.

கோட்டை விடுவது வாசலில்தான். வருகிறவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். "குட்டி மலையாளம் மீடியம் அல்லே?" (பிள்ளை மலையாள மீடியம்தானே?) என்பார். ஆமாம் என்றதும் தாய்மொழியும் மலையாளம் ஆகிவிடும். பள்ளிக்கூட மொழிக்கும் இந்தக் கட்டத்துக்கும் சம்பந்தமில்லை. சிறுவயதில் அம்மா பேசிய மொழி எதுவோ அதுதான் தாய்மொழி. "டீச்சரே, வீட்டில தமிழ்தான், மலையாளத்தை தெரிஞ்ச மொழியில போடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதவேண்டும். குடும்பத் தலைவருக்குச் சொன்னது பிள்ளைகளுக்கும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். பேருக்கோ மொழிக்கோ சான்றிதழ் காட்டத் தேவையில்லை. ஓடிபி, வங்கிக் கணக்கு கேட்கிறவர் கணக்கெடுப்புக்கு வந்தவரே இல்லை.

வேலை, கூலி பற்றி மத்திய அரசு எடுக்கும் தொழிலாளர் சர்வே வேறு. 2025 ஜனவரி முதல் தேர்வான வீட்டுக்கு அடுத்தடுத்து நான்கு மாதம் வருகிறார்கள். கூலியைச் சொன்னால் ரேஷன் கார்டின் நிறம் மாறிச் சலுகை போய்விடும் என்று பயந்து கதவைச் சாத்துகிறவர்கள் ஒரு பக்கம். கூரை ஒழுகுவதைச் சொல்லிவிட்டு கேரள அரசு வீட்டுத் திட்டமான லைஃப் மிஷனில் வீடு வரும் என்று காத்திருக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் நடக்காது. சர்வேயில் சொன்னது மனு ஆகாது.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் சாதிச் சான்றிதழில். எஸ்டேட் பட்டியல் சாதிக் குடும்பங்களிடம், பட்டியல் சாதி ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இங்கே இருந்தீர்களா என்று வில்லேஜ் ஆபீஸில் கேட்கிறார்கள். "தாத்தாவைத்தான் கணக்கெடுத்தார்களே, அதை எடுத்துப் பார்க்கட்டும்" என்கிறார்கள் நம் ஆட்கள். பார்க்க முடியாது. 1948-ம் வருடத்துக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ம் பிரிவுப்படி அந்தப் பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை, சிவில் வழக்கில் சாட்சியமாகவும் எடுக்கமாட்டார்கள். உங்கள் ரகசியத்தைக் காக்கிற அதே பிரிவுதான் இங்கே கையைக் கட்டுகிறது. 1951-ல் எண்ணினார்கள், 1961-ல் எண்ணினார்கள் என்று ஆபீஸில் வாதாடி நாளைக் கழிக்காதீர்கள்.

தேடவேண்டியது பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவும் தொழிலாளர் பெயரும் வேலைநாளும் எழுதும் எஸ்டேட் செக்ரோலும். பாட்டனார் பெயர், ஊர், வருடம் மூன்றும் ஒரே தாளில் இருந்தால் நல்லது. எஸ்டேட் ஆபீஸில் வாய்மொழியாகக் கேட்டால் "பழசெல்லாம் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்து, இல்லை என்பதையும் எழுத்திலேயே வாங்குங்கள். ஓய்வு பெற்று லயத்தை (எஸ்டேட் வரிசை வீட்டை) காலி செய்கிறபோது முதலில் குப்பைக்குப் போவது தகரப் பெட்டியில் கிடக்கும் சம்பளச் சீட்டுகள்தான். காலி செய்யும் முன்பே பிள்ளைகளை உட்கார வைத்துப் பிரித்துப் பாருங்கள்.