பெரிய நிறுவனத்தின் விளம்பரம் ஆட்வேருக்குள் வந்தது எப்படி?

2007 ஜனவரியில் பயண முன்பதிவுத் தளங்களான பிரைஸ்லைன், டிராவலாசிட்டி, செல்போன் நிறுவனமான சிங்குலர் வயர்லெஸ் என்ற மூன்று பெரிய அமெரிக்க நிறுவனங்கள் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர்) ஆண்ட்ரூ குவோமோவிடம் சமரசத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் 30,000 முதல் 35,000 டாலர் வரை கட்டியது. மூன்றில் எதுவும் ஆட்வேர், அதாவது கணினியில் புகுந்து விளம்பரம் காட்டும் மென்பொருள், எழுதவில்லை. டைரக்ட் ரெவென்யூ என்ற நிறுவனம் மக்களின் கணினிகளில் சொல்லாமல் புகுத்திய ஆட்வேர் வழியாக அந்த மூன்று நிறுவனங்களின் விளம்பரங்கள் பாப்-அப்பாக, அதாவது தானாகத் திறக்கும் தனிச் சன்னலாகத் தோன்றின என்பதுதான் வழக்கு. எழுதியவரோடு நிற்காமல், விளம்பரம் கொடுத்தவரையும் சட்டம் பிடித்தது அப்போதுதான்.

ஆட்வேர் பெரும்பாலும் இலவச ஸ்கிரீன்சேவர், விளையாட்டு போன்றவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும். வந்தபின் பிரவுசரில் நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம், எதைத் தேடுகிறோம் என்று பார்த்துத் தன் சர்வருக்குச் சொல்லும். விமான டிக்கெட் தேடினால் எந்த விளம்பரம், செல்போன் தேடினால் எந்த விளம்பரம் என்ற பட்டியல் அங்கே தயாராக இருக்கும். பொருத்தமானது திரும்பி வந்ததும் சன்னல் திறக்கும். தொழில்நுட்பத்தில் பெரிய மர்மம் இல்லை. மர்மமெல்லாம் பணம் போகும் பாதையில்.

நிறுவனம் விளம்பர ஏஜென்சியிடம் பணம் தருகிறது. ஏஜென்சி ஒரு விளம்பர நெட்வொர்க்கிடம், அதாவது பல இடங்களின் விளம்பர இடத்தைத் திரட்டி விற்பவரிடம், இடம் வாங்குகிறது. அந்த நெட்வொர்க் இன்னொன்றுக்குக் கைமாற்றுகிறது. கடைசியில் இருப்பவர் ஆட்வேர்காரர். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் பணம் தங்குகிறது. விளம்பரம் எங்கே காட்டப்பட்டது என்ற விவரமோ தேய்ந்துகொண்டே போகிறது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற எண்கள்தான் மேலே திரும்பி வரும். பொருள் வாங்கும் நேரம் பார்த்துச் சன்னல் திறப்பதால் அந்த எண்கள் அழகாகவும் இருக்கும். யாருக்கும் கேள்வி கேட்கத் தோன்றாது.

இதைவிட மோசமானது கமிஷன் திருட்டு. ஒருவர் தானாகவே ஒரு கடையின் தளத்துக்குப் போகிறார். ஆட்வேர் அதே கடையின் பக்கத்தை, வாடிக்கையாளரை அழைத்து வந்தால் கமிஷன் பெறும் இடைத்தரகரின் அடையாளம் பொதிந்த இணைப்பு வழியாக, இன்னொரு சன்னலில் திறந்து, அந்த அடையாளத்தைப் பிரவுசரில் பதிந்து வைக்கும் குக்கி என்ற சிறு குறிப்பைப் போட்டுவிடுகிறது. அவர் பொருள் வாங்கியதும் ‘இவரை அழைத்து வந்தது நான்’ என்று தரகர் கமிஷன் கேட்பார். தானாக வந்த வாடிக்கையாளருக்கும் கடை பணம் கட்டுகிறது. அந்தப் பணமே அடுத்த ஆட்வேரை வளர்க்கிறது. ஆகவே ஏமாந்தவர் என்பதற்காக மட்டும் விளம்பரதாரரை மன்னித்துவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். 2007 சமரசமும் அதைத்தான் சொன்னது: விளம்பரம் எந்த வழியில் போகிறது என்று ஒப்பந்தத்துக்கு முன்பும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் நிறுவனமே விசாரிக்க வேண்டும்.

சன்னல் போய், நாம் பார்க்கும் பக்கத்துக்குள்ளேயே விளம்பரத்தைச் செருகும் மென்பொருள்கள் பிறகு வந்தன. 2015இல் கூகுளும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கூகுள் தளங்களுக்கு வந்த ஐபி முகவரிகளில் 5 சதவீதத்துக்கும் மேல் இந்தத் தொல்லை இருந்தது. அறியாமலே பணம் கட்டியவர்களில் வால்மார்ட், சியர்ஸ், டார்கெட், ஈபே உண்டு. இப்படி விளம்பரம் செருகும் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) 50,000க்கும் மேல். ஆனால் செருகப்பட்ட விளம்பரங்களில் 77 சதவீதம் மூன்றே மூன்று நெட்வொர்க்குகளில் ஒன்றின் வழியாகத்தான் போயிருந்தது. ஆயிரக்கணக்கான எக்ஸ்டென்ஷன்களைத் துரத்துவதைவிட அந்த மூன்று வாசல்களில் நின்று கணக்குக் கேட்பது எளிது. கேட்கும் அதிகாரம் பணம் கொடுக்கிறவருக்கு எப்போதும் இருந்தது.