ஆமைப் பெட்டியின் இரவுச் சூடு எங்கே போகிறது?

சென்னையில் ஆமைக்குக் குளிருமா என்று கேட்டால் சிரிக்கத்தான் தோன்றும். ஜனவரி இரவிலேயே இங்கே சராசரியாக 20, 21 டிகிரி செல்சியஸோடு நின்றுவிடுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் நெருக்கியடித்துக் கட்டிய வீடுகளுக்குள் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். ஆனால் வீட்டுக்குள் வளரும் ஆமை வருடத்திலேயே அதிகம் குளிரை அனுபவிப்பது மார்கழியில் என்று சொல்ல முடியாது. பல வீடுகளில் அது மே மாதத்தில்தான். காரணம், ஏசி.

ஸ்பிலிட் ஏசியின் ரிமோட்டில் 22 என்று வைக்கிறோம். அந்த 22-ஐ அளக்கும் உணரி பெரும்பாலும் சுவரின் உச்சியில், மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. இறங்கி டைல்ஸ் தரையில் தேங்கும். ஆமை வாழ்வதோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். பீரோ மேல் ஒரு தெர்மாமீட்டரும் தரையில் இன்னொன்றும் வைத்துவிட்டுப் படுங்கள். விடியற்காலையில் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டாது.

எந்த ஆமை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மூர் நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘வீட்டுக்கு அதிர்ஷ்டம்’ என்று யார் சொல்லிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இங்கே பேசுவது சல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையைப் பற்றி. அதை வைத்திருப்பவர்களும் 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நம் உடல் உள்ளுக்குள் சோற்றை எரித்துச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஆமைக்கு அந்த வசதி இல்லை. சுற்றுப்புறம் எவ்வளவோ, அதன் உடலும் ஏறத்தாழ அவ்வளவு. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் உடலின் வேதிவினைகள் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ மந்தமாகும். சல்காட்டா தின்பது புல்லும் கீரையும். அந்த நாரைப் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் கிடக்குமே, அதே கதைதான் அதன் வயிற்றிலும். நோய் எதிர்ப்பும் சேர்ந்தே தளரும். போதாக்குறைக்கு, ஆமைக்கு நம்மைப் போல, மூச்சை இழுத்துத் தள்ள உதவும் உதரவிதானம் என்ற தசை கிடையாது. நுரையீரலில் சளி கட்டினால் இருமித் தள்ள வராது. மூக்குத் துவாரத்தில் சின்னதாக ஒரு குமிழி, மூச்சில் லேசான விசில் சத்தம், வாயைத் திறந்து மூச்சு விடுவது. இதில் ஒன்றைப் பார்த்தாலும் கைவைத்தியம் வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குட்டிக்குத்தான் ஆபத்து அதிகம். உடல் சிறுக்கச் சிறுக்க எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு கூடுகிறது. சூடு சீக்கிரம் கழன்றுவிடும். 40 கிலோ ஆண் ஆமை பகலில் வாங்கிய வெயிலை நள்ளிரவு தாண்டியும் வைத்திருக்கும். உள்ளங்கை அளவுக் குட்டி சீக்கிரமே அறையின் குளிருக்கு வந்துவிடும். அதனால் குட்டியின் பெட்டி இரவில் 26 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உலர்ந்த இடமாக இருந்தால் பெரியது இன்னும் கொஞ்சம் தாங்கும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் யாருக்கும் ஆகாது.

சரி, 26 டிகிரிக்கு எவ்வளவு சூடு வேண்டும்? பெரிய பல்பாக வாங்கி மாட்டுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. கணக்குப் போட்டால் விஷயம் வேறு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் மூடி போட்ட, 12 மில்லிமீட்டர் பிளைவுட் பெட்டி ஒன்று. அதன் மொத்தப் பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். தரையோரம் 20, உள்ளே 26 என்றால், அந்த ஆறு டிகிரி வித்தியாசத்துக்குப் பலகை வழியாக மட்டும் நொடிக்கு 70 ஜூல் வெளியேறும். அதாவது 70 வாட். அதே பெட்டிக்கு ஆறு பக்கமும் ஓர் அங்குலத் தெர்மாகோல் போர்த்தினால் 20 வாட்டுக்கு இறங்கிவிடும். காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அனுப்புகிறார்களே, அந்த வெள்ளைப் பெட்டிகளின் அதே தெர்மாகோல்தான். அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஐஸுக்கு வெளியே இருந்து வருவதைத் தடுக்கும், ஆமைக்கு உள்ளே இருந்து போவதைத் தடுக்கும். பெட்டிக்கு வெளிப்புறம் ஒட்டுங்கள். உள்ளே ஒட்டினால் கடித்துத் தின்றுவிடும்.

கொளத்தூரில் வாங்கிய மீன்தொட்டியைக் காலிசெய்து ஆமையை விடுபவர்கள் உண்டு. இரவுக்கு அதைவிட மோசமான வீடு கிடையாது. கண்ணாடி வெப்பத்தைத் தாராளமாகக் கடத்தும். மேலே திறந்திருப்பதால் சூடான காற்று எழுந்து போய்க்கொண்டே இருக்கும். சகாரா ஓரத்தில் சல்காட்டா தானே ஆழமாக வளை தோண்டிக்கொண்டு, வெளியே வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே ஒரே சீராக இருக்கும் இருட்டில் படுக்கிற பிராணி. அதற்குத் தாழ்ந்த கூரையும் மூடியும்தான் பழக்கம். மூச்சுக்கு மேலே நாலைந்து துளைகள் போதும்.

வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டர்தான் இரவுக்குப் பொருத்தம். சிவப்பு பல்பு கூடத் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் பீங்கான் ஹீட்டர் திருகு வகை, நம் வீட்டு ஹோல்டர்கள் பெரும்பாலும் இரண்டு பின் (pin) மாட்டும் வகை. அடாப்டர் மாட்டிப் பிளாஸ்டிக் ஹோல்டரில் சொருகிவிடாதீர்கள். எரியும்போது ஹீட்டரின் முகப்பு 200 டிகிரியைத் தாண்டக்கூடும், பிளாஸ்டிக் உருகும். பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பிவலை, ஆமையின் முதுகிலிருந்து ஓர் அடியாவது இடைவெளி. வயிற்றுக்கு அடியில் சூடுபண்ணும் பாய் வேண்டாம். சூடு என்றால் மேலிருந்து வருவது என்றுதான் ஆமையின் பழக்கம். சுட்டால் தப்பிக்க மண்ணைத் தோண்டிக் கீழே போகும், அங்கேதான் பாய் இருக்கிறது.

குறித்த சூடு வந்ததும் ஹீட்டரைத் தானே அணைத்து, குறைந்தால் தானே போடும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இது எதையும் செய்யக்கூடாது. ஏசி இல்லாத மொட்டைமாடி அறையில் மே மாத இரவு 32 டிகிரிக்குத் தளம் கொதித்துக்கொண்டிருக்கும்போது, நேற்று வரை நல்லது செய்த ஹீட்டரே ஆமையை வேகவைத்துவிடும். தெர்மோஸ்டாட்டின் உணரியை ஹீட்டருக்கு நேர் கீழே வைக்காமல், பக்கவாட்டில், ஆமையின் முதுகு உயரத்தில் கட்டுங்கள்.

அப்புறம் கரண்ட். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பது நினைவிருக்கும். அப்போதும் தெர்மாகோல்தான் கைகொடுக்கும். 2 லிட்டர் பாட்டிலில் 50 டிகிரி வெந்நீர் நிரப்பித் துண்டில் சுற்றி வைத்தால், அது 28 டிகிரிக்கு ஆறுவதற்குள் சுமார் 184 கிலோஜூல் தரும். 20 வாட் கசியும் பெட்டிக்கு அது இரண்டரை மணி நேரத்துக்கு வரும். போர்த்தாத பெட்டியில் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. கேஸ் அடுப்பும் நாலு பாட்டிலும் இருந்தால் ஓர் இரவை ஓட்டிவிடலாம், நடுவில் ஒருமுறை எழுந்து மாற்ற வேண்டியிருக்கும்.