காலை 9.40, அவருக்கு அந்தி நேரம்

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். வயது 46. கடைசி டோக்கன் போகும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தார். முட்டிவலி என்றார். முட்டியைப் பார்த்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த லேப் ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஹார்மோன் கம்மியாம் சார். ஊசி போடணும்னு சொல்றாங்க."

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 262. ரத்தம் எடுத்த நேரம் காலை 9.40. பார்த்தால் எல்லாம் முறைப்படிதான். இந்த ஹார்மோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும்; அதனால்தான் காலை 10 மணிக்குள் வெறும் வயிற்றில் எடுக்கச் சொல்கிறோம். ஏதோ தோன்றியது, "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க சார், ஒரு மணிக்கு லோடு வந்துச்சு. கடையைப் பையன்கிட்ட விட்டுட்டு, ஒரு பொங்கல் வடை சாப்ட்டு, நேரா லேப்புக்குப் போனேன்."

தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறோம். இந்த ஹார்மோன் ஏறுவதே தூக்கத்தில்தான். சாப்பாடும் அளவை இறக்கிவிடும். ராத்திரி வேலைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். நன்றாகத் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ரத்தம் கொடுத்தால் போதும். அவர் அப்படிக் கொடுத்தபோது 390 வந்தது. 300-க்குக் கீழே இரண்டு தடவை வந்து, அறிகுறியும் இருந்தால்தான் குறைபாடு என்ற பேச்சே.

அவருக்கு ஆசை குறையவில்லை, விறைப்புதான் நிற்கவில்லை. காலையில் தானாக வருவதும் ஒரு வருடமாக இல்லை. ஹார்மோனைவிட ரத்தக் குழாய்மேல்தான் எனக்குச் சந்தேகம். மூன்று மாதச் சர்க்கரை சராசரி பார்த்தோம்: 9.4. சுகர் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம்தான், இதயத்துக்குப் போவது 3, 4 மில்லிமீட்டர். அடைப்பு பிடித்தால் சின்னது முதலில் மாட்டிக்கொள்ளும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடம் முன்பே படுக்கையறையில் மணி அடிப்பது இதனால்தான். அன்றே ஈசிஜியும் கொழுப்புப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தேன்.

தேவையில்லாமல் அந்த ஊசியைப் போட்டால்? வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டிருந்தால், மூளை விதைப்பைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி படுத்துவிடும். குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள், ஜிம்மில் யாரோ சொன்னார் என்று போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மருந்துக் கடையில் சொந்தமாக வாங்கும் மாத்திரையும் அப்படித்தான்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் போட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கும். அப்புறம் லாட்ஜில் ரூம் போட்டு 'நரம்புத் தளர்ச்சி'க்கு லேகியம் விற்பவர்கள். ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் தடுத்துவிட்டது. சுவரொட்டிக்குத்தான் அது தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தார். சர்க்கரை 7.2. பகலில் ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு ஆறு மணி நேரம் தூங்குகிறாராம். மற்றது எப்படி என்றேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எழுந்தவர் கதவருகில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"மச்சினன் வெளிய உக்காந்துருக்கான் சார். அவனுக்கும் முட்டிவலியாம்."