ஸ்லோத்: தேவாங்குமல்ல, கரடியுமல்ல

ஸ்லோத் என்ற ஆங்கிலச் சொல் முதலில் விலங்கின் பெயரல்ல. ‘ஸ்லோ’ (மெதுவான) என்பதிலிருந்து பிறந்து சோம்பலைக் குறித்தது. தென்னமெரிக்கக் காட்டில் மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கி மெதுவாக நகரும் விலங்கைக் கண்ட போர்த்துக்கேயர் அதைப் ‘பிரெகீசா’, அதாவது சோம்பல், என்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டது.

தமிழில் இதைத் ‘தேவாங்கு’ என்று எழுதுவது பிழை. தேவாங்கு வன்னிக் காட்டிலேயே இருக்கிறது: குரங்குக்குத் தூரத்து உறவு, எடை ஏறக்குறைய 300 கிராம், இரவில் பூச்சி பிடிக்கும். ஸ்லோத்தோ தென்னமெரிக்க எறும்புதின்னியின் உறவு. 4 முதல் 8 கிலோ வரை இருக்கும்.

இன்னொரு குழப்பம் ஆபத்தானது. 1791இல் ஆங்கில விலங்கியலாளர் ஜோர்ஜ் ஷா நம் கரடியின் நீண்ட நகங்களைப் பார்த்து அதையும் ஸ்லோத் இனத்தில் சேர்த்துவிட்டார். அந்தத் தவறு கரடியின் ஆங்கிலப் பெயரான ‘ஸ்லோத் பெயார்’ (sloth bear) என்பதில் இன்றும் ஒட்டியிருக்கிறது. அதைச் ‘சோம்பேறிக் கரடி’ என்று பாடக்குறிப்பில் எழுதலாமா? பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குள் போகிறவர்களைக் கேளுங்கள்: திடுக்கிட்ட கரடி ஓடித் தப்ப இடம் தராது. இலங்கையில் இருப்பது ஒரே கரடியினம். ‘கரடி’ என்றாலே போதும்.

ஸ்லோத்துக்கும் ‘சோம்பேறி’ என்ற பெயர் அநியாயம். முற்றத்துச் செவ்வரத்தையில் தேன் குடிக்கும் தேன்சிட்டைப் பாருங்கள். எடை 10 கிராமுக்குள், உடல்வெப்பம் 40 பாகை செல்சியஸ் அளவு. பூந்தேனின் சீனி உடனே எரிந்து தீர்வதால் அது ஓயாமல் பறந்தாக வேண்டும். ஸ்லோத் தின்பது பெரும்பாலும் இலை. அதில் சத்துக் குறைவு, நார் அதிகம்; சமிக்க வாரக்கணக்காகும். தசையும் குறைவு, உடல்வெப்பமும் 33 பாகையை ஒட்டித்தான். வேகமாக நடந்தால் உணவில் கிடைத்ததைவிடச் செலவு கூடிவிடும். மூவிரல் இனம் ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மலங்கழிக்கவே மரத்தைவிட்டு இறங்கும். இது சோம்பலல்ல, சிக்கனம்.

ஆகவே குணத்தை விட்டுச் செயலைப் பிடிப்போம். மரங்கொத்தி, எறும்புதின்னி என்ற வழக்கில் ‘மரந்தொங்கி’ என்பது எங்கள் பரிந்துரை. முதன்முறை எழுதும்போது பக்கத்தில் ‘ஸ்லோத்’ என்றும் குறியுங்கள். இருவிரல், மூவிரல் என்று பிரிக்கையில் முன்கால் விரலையே எண்ண வேண்டும். பின்காலில் இரண்டு வகைக்கும் மூன்றுதான்.