ஆயாவுக்குத் தமிழ் கேட்கிறது, பேத்தியின் ஆங்கிலம் ஏன் கேட்கவில்லை?

"தனக்கு வேண்டியது மட்டும்தான் ஆயாவின் காதில் விழும்."

பேத்தி இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வர்த்தில் நான் செவித்திறன் சோதனை செய்யும் அறைக்கு முதியவர்களை அழைத்து வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. வாரம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அது உண்மையில்லை.

இந்த ஆயாவுக்கு வயது 78. ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்து உழைத்தவர். ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தால் இருவரும் அடுக்களையில் உட்கார்ந்து தமிழில் மணிக்கணக்காகப் பேசுவார்களாம். ஒரு பேச்சுகூடத் தவறாதாம். பேத்தி ஆங்கிலத்தில் மருந்து சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் மட்டும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டும். உரக்கச் சொன்னால், "ஏன் கத்துகிறாய், எனக்குக் காது கேட்கிறது" என்பார். இதற்கிடையில் ஒரு மருத்துவமனையில் ஆங்கிலத்திலேயே நினைவாற்றல் சோதனை நடத்தியிருக்கிறார்கள். மூன்று சொற்களைச் சொல்லி, அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆயாவால் முடியவில்லை. மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று குடும்பத்திடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சொற்கள் அவர் காதுக்குள் போய்ச் சேர்ந்தனவா என்று ஒருவரும் பார்க்கவில்லை.

முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். வலது காதில் குறும்பி அடைத்திருந்தது. அதை எடுத்தபின் செவிப்பறை நன்றாகவே இருந்தது. நடுக்காதிலும் பழுதில்லை. பிறகு ஒலிபுகா அறையில் உட்கார வைத்து, 'கீச்' என்ற மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னேன். தாழ்ந்த சுருதி ஒலிகளுக்குச் சின்னப் பிள்ளைபோல் சட்டென்று அழுத்தினார். ஹெர்ட்ஸ் என்பது சுருதியின் அளவு, டெசிபெல் என்பது சத்தத்தின் அளவு; எவ்வளவு குறைந்த டெசிபெல்லில் கேட்கிறதோ, காது அவ்வளவு நல்லது. 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபெல், 1000-இல் 30. வயதுக்கு இது நல்ல காது. 2000-இல் 50 ஆனது. 4000-இல் 75 டெசிபெல் வரை ஏற்றிய பிறகுதான் விரல் அசைந்தது. செவித்திறனைக் கோடாக வரைந்து காட்டும் ஆடியோகிராம் தாளில் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் மலைச்சரிவுபோல் இறங்கியது. ஒலி நேரே உள்காதுக்குப் போகும்படி காதின் பின்னெலும்பில் அதிர்வியை வைத்துச் சோதித்தபோதும் அதே சரிவுதான். பழுது உள்காதில், நத்தைக்கூடு போன்ற சுருளுக்குள் இருக்கும் மயிரிழை செல்களில். அவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இந்த நான்கு எண்களையும் கூட்டி வகுத்தால் சராசரி 45. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 35 முதல் 50-க்குள் வருவது நடுத்தரக் குறைபாடு. பெரும்பாலான அறிக்கைகளில் இந்த ஒற்றைச் சொல்தான் எழுதப்படும். ஆயாவின் வாழ்க்கையை அந்தச் சராசரி துளிகூடக் காட்டவில்லை. அவருடைய காதில் இரண்டு காதுகள் இருக்கின்றன: ஒன்று தாழ்ந்த சுருதிக்கு நன்றாகக் கேட்பது, மற்றொன்று உயர்ந்த சுருதிக்கு ஏறக்குறைய மூடிக்கொண்டது.

இனி மொழிக்கு வருவோம்.

பேச்சின் சத்தம் உயிரொலிகளில் இருக்கிறது. ஆங்கிலப் பேச்சின் பொருளோ பெரும்பாலும் மெய்யொலிகளில் இருக்கிறது. அதிலும் 'ஸ்', 'ஃப்', நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'த்' போன்ற காற்றொலிகள் மிகவும் மெலிந்தவை. ஆங்கிலத்தின் மிக உரத்த உயிரொலிக்கும் மிக மெல்லிய காற்றொலிக்கும் இடையே ஏறத்தாழ 28 டெசிபெல் வேறுபாடு உண்டு. 'ஸ்' ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே குவிந்திருக்கும். ஆனால் ஒருமையா பன்மையா, அவனுடையதா, இன்று செய்கிறானா என்பதையெல்லாம் ஆங்கிலம் அந்த ஒற்றை 'ஸ்'ஸில் தொங்கவிடுகிறது. ஆயாவுக்கு அது வெறும் மௌனம்.

தமிழில் பன்மைக்குக் 'கள்' இருக்கிறது. உயிரும் ளகரமும் சேர்ந்த முழு அசை. 'நடந்தேன்', 'நடக்கிறேன்', 'நடப்பேன்' என்று காலம் காட்டுவதும் ஒற்றைக் காற்றொலியை நம்பி இல்லை. பல், பால், கல், கால், குறிலா நெடிலா என்பதில்தான் பொருள் மாறுகிறது, அது நீளத்தைப் பொறுத்த விஷயம், தாழ்ந்த சுருதியிலேயே கேட்டுவிடும். ம, ன, ல, ர என்று தொண்டை அதிரும் ஒலிகள் நிறைய. ஆயாவிடம் மிச்சமிருக்கும் காதுக்குத் தமிழ் அதிகமாகக் கொடுக்கிறது. தாய்மொழி என்பதால் விட்டுப்போனதை மனம் இட்டு நிரப்பிக்கொள்வதும் எளிது. இரண்டாம் மொழியை வளர்ந்த பிறகு கற்றவர்கள், காது பழுதில்லாதவர்களாக இருந்தாலும், இரைச்சலுக்கு நடுவே அந்த மொழியைக் கேட்டறிய அதிகம் திணறுகிறார்கள் என்பதை மேயோ, ஃபுளோரண்டைன், பூஸ் மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆயாவுக்கு இரண்டு சுமையும் சேர்ந்திருந்தது.

இதை உறுதிசெய்துகொள்ள ஒரு சிறிய சோதனை செய்தேன். பூத்தையல் வளையம் ஒன்றில் மெல்லிய கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி வைத்திருக்கிறேன். அதை வாய்க்கு முன்னால் பிடித்தால் ஒலி வெளியே வரும், உதட்டசைவு தெரியாது. முதலில் பத்து ஆங்கிலச் சொற்கள். மீன் என்பதற்கான சொல்லை ஆயா 'டிஷ்' என்றார், மெலிந்தவன் என்பதற்கானதை 'டின்' என்றார். நான்குதான் சரி. பேத்தி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அடுத்து மீன், பால், வாழை, அம்மி, கண்ணாடி என்று பத்துச் சொற்கள். ஒன்பது சரி. அம்மி என்றதும், "எங்கள் அம்மா வீட்டில் இருந்தது, கறுத்த கல்" என்று கூடுதலாகவும் சொன்னார்.

இதை நான் அறிக்கையில் மதிப்பெண்ணாக எழுதவில்லை, குறிப்பாகவே எழுதினேன். தமிழ்நாட்டில் உருவான சொற்பட்டியலை, 1860-இல் கப்பலேறி வந்தவர்களின் வழியில் இங்கே வேறு திசையில் வளர்ந்த தமிழைப் பேசுகிறவரிடம் அப்படியே அளவுகோலாக வைப்பது நேர்மையாகாது. ஒலிகளை மொழிகளுக்கிடையே ஒப்பிட்ட ஆய்வுகளிலும் நமக்கு இடம் குறைவு. பேச்சின் சராசரி ஒலிப்பரவலை, அதாவது எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்பதை, 12 மொழிகளில் அளந்து 1994-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில் சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. மொழிக்கு மொழி ஒலிப்பரவல் அதிகம் வேறுபடவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் எந்த ஒலி பொருளைச் சுமக்கிறது என்பது வேறு கேள்வி. பேத்தியும் பாட்டியும் வெவ்வேறு மொழியில் வாழும் நம் வீடுகளில் அந்தக் கேள்விதான் தினமும் எழுகிறது.

கத்துவது ஏன் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். உரக்கப் பேசும்போது உயிரொலிகள்தான் பெருகுகின்றன. அவை ஏற்கெனவே ஆயாவுக்குக் கேட்பவை. காணாமல் போன 'ஸ்' ஒலியோ கத்தினாலும் அவ்வளவாக வலுப்பதில்லை. மேலும், பழுதான உள்காது மெல்லியதைக் கேட்காமல் விட்டாலும் உரத்ததைத் தாங்காது. கேட்காத நிலையிலிருந்து வலிக்கும் நிலைக்கு ஒரே எட்டில் போய்விடும். "ஏன் கத்துகிறாய்" என்று ஆயா கேட்டது மிகவும் நியாயம்.

இப்போது மறதி பற்றி. இங்கே பயமுறுத்தும் விளம்பரங்கள் நிறைய உலவுகின்றன, எனவே அளந்து சொல்கிறேன். நடுவயதில் தொடங்கும் செவித்திறன் குறைவு, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய காரணிகளுள் முக்கியமானது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2020, 2024 அறிக்கைகள் கூறுகின்றன. காதுகேள் கருவி அணிந்தால் மறதி வராது என்று அதற்குப் பொருளில்லை. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2023-இல் முடிவை வெளியிட்ட அச்சீவ் என்ற ஆய்வில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவியால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதய நோய் ஆய்வொன்றிலிருந்து சேர்க்கப்பட்ட, மறதிக்கான ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. நம்பிக்கை தரும் செய்தி, உத்தரவாதமல்ல. ஆனால் ஒன்றில் எனக்கு ஐயமே இல்லை: காதைச் சோதிக்காமல் யாரையும் மறதிக்காரர் என்று முத்திரை குத்தக் கூடாது. நினைவாற்றல் சோதனைக்குப் போகும் முன் செவித்திறன் சோதனை வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். சோதனை முதியவருக்கு நன்றாக வரும் மொழியில் நடக்கட்டும்.

ஆயாவின் காது ஏன் இப்படி ஆனது? வயது ஒரு பாதி. எந்திர இரைச்சல் மறு பாதியாக இருக்கலாம். இந்நாட்டின் 2003-ஆம் ஆண்டுத் தொழிலிட விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்ற எல்லையை வைத்தன. இரைச்சல் மூன்று டெசிபெல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு மணி. இன்று ஆலைகளில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வேலையில் சேரும்போது எடுக்கப்படும் முதல் ஆடியோகிராமின் நகலைக் கேட்டு வாங்கி, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் இழப்பீடு கேட்க நேர்ந்தால் அந்த முதல் கோட்டோடு ஒப்பிட்டுத்தான் இழப்பை அளப்பார்கள். கோயிலில் தவிலும் உறுமியும் வாசிக்கிறவர்களுக்கும் காதடைப்பான் வேண்டும். காவடி ஊர்வலத்தில் மேளத்துக்குப் பக்கத்திலேயே கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

காசநோய் மருந்தையும் சொல்லாமல் விட முடியாது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கானமைசின் ஊசி போட்ட காலத்தில், உயிர் பிழைத்தவர்கள் பலர் காதை இழந்தார்கள். 2018-இல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிக்குப் பதிலாகப் பெடாகுவிலின் மாத்திரையைக் கொண்டுவந்தது. உலகுக்கே வழிகாட்டிய முடிவு அது. அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், குறை எதுவும் சொல்லாவிட்டாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இந்த இழப்பும் உயர்ந்த சுருதியிலிருந்துதான் தொடங்கும்.

ஆயாவுக்கு இரண்டு காதுக்கும் கருவி பொருத்தினோம். கருவியை வாங்கிய அன்றே வேலை முடிந்தது என்று நினைப்பதால்தான் பல கருவிகள் அலமாரிக்குள் தூங்குகின்றன. காதுத் துளைக்குள் மெல்லிய குழாயை விட்டு, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளக்க வேண்டும். கணினி காட்டும் கணக்கை மட்டும் நம்பக் கூடாது. உங்களுக்குப் பொருத்துகிறவர் இதைச் செய்கிறாரா என்று கேளுங்கள். முதல் வாரம் ஆயாவுக்குப் பெரும்பாடு. குழாயில் சொட்டும் தண்ணீர், பிளாஸ்டிக் பை, தன் செருப்புச் சத்தம் எல்லாம் எரிச்சலூட்டின. "மழை பெய்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தேன், எண்ணெயில் கடுகு வெடிக்கிறது" என்றார். முதல் நாள் இரண்டு மணி, பிறகு நான்கு மணி என்று கூட்டிக்கொண்டே போனோம். மூளை அந்த ஒலிகளை மறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மீண்டும் பழக வாரங்கள் பிடிக்கும்.

பேத்திக்கும் வேலை கொடுத்தேன். அடுத்த அறையிலிருந்து பேசாதே, முகம் தெரிய நில், பேசுமுன் பெயர் சொல்லிக் கூப்பிடு, டிவியை அணை. புரியாவிட்டால் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல். ஆயா தவறாகக் கேட்ட சொற்களை ஒரு நோட்டில் எழுதி வா. அந்த நோட்டு என் அளவீடுகள் எதற்கும் குறைந்ததல்ல. அதை வைத்துத்தான் மூன்றாம் முறை கருவியின் உயர்சுருதியைக் கொஞ்சம் கூட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். பேத்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள். காத்திருந்த நேரத்தில் பாடப் புத்தகத்தை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள். லகரத்தையும் ழகரத்தையும் பிரித்துக் காட்டும் ஒலி ஏறக்குறைய 2000 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஆயாவின் கோடு சரியத் தொடங்கும் இடமே அதுதான். இவ்வளவு நாளும் பேத்தி எப்படி வாசித்தாலும் ஆயா தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"பலம் இனிக்கும்" என்று வாசித்தாள்.

ஆயா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பினார். "பலம் இல்லை கண்ணு, பழம். நாக்கை இன்னும் கொஞ்சம் மடக்கு."